கைக்குப் பிடிபடாத லேப்டாப்

ஜூன் 10, திங்கள்

இன்று லேப்டாப் வாங்கினேன். எடை ஒரு கிலோ இருநூறு கிராம். கம்ப்யூட்டர் கடை நைனா முகமது சொன்னதை நம்பாமல் நம் பலகைக் கடையில் ஆணி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். பத்து கிராம் குறைவாகவே காட்டியது.

பலகைமேல் ஒட்டும் மைக்காத் தகடு செய்கிற கம்பெனி இந்த மாதத்திலிருந்து போனில் ஆர்டர் எடுப்பதில்லை. அவர்கள் வலைத்தளத்தில் நாமே பதிய வேண்டுமாம். மேசையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைக் குடோனுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சரக்கைப் பார்த்துக்கொண்டே பதிந்தால்தான் எனக்குச் சரிப்படும். அதனால் மெல்லிசாக ஒன்று கேட்டேன். அறுபதாயிரம் சொன்னான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். பை இனாம். மவுஸ் வேண்டாம் என்றேன், எதற்கு ஒரு உருப்படி கூடுதலாக.

பலகை, மைக்கா என்று முப்பத்திரண்டு வருஷம் கனத்துக்குக் காசு வாங்கிய எனக்கு, கனமில்லாததற்குக் கூடுதல் காசு கொடுப்பது விளங்கவில்லை. "மெல்லிசாக ஆக வெல கூடும் அண்ணாச்சி" என்றான் நைனா. என் கடையில் இதைச் சொன்னால் ஆசாரிமார் சிரிப்பார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

சாரல் இறங்கிவிட்டது. குடோன் கதவு உப்பி, திறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

லேப்டாப்பில் அம்புக்குறியை நகர்த்த ஒரு சதுரத் தகடு இருக்கிறது. அதன்மேல் விரலை வைத்து இழுக்க வேண்டும். நான் இழுத்தால் சிலநேரம் போகிறது, சிலநேரம் நின்ற இடத்தில் நிற்கிறது, சிலநேரம் ஓடிப்போய் வேறெதையாவது திறந்துவிடுகிறது. புதுப் பொருள்தானே, பழகட்டும் என்று விட்டேன். பழக வேண்டியது அதுவா நானா என்று தெரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

நைனாவிடம் கொண்டுபோனேன். அவன் விரல் வைத்தால் ஒழுங்காகப் போகிறது.

"லேசாத் தொட்டாப் போதும் அண்ணாச்சி."

"தொட்டுக்கிட்டுத்தானய்யா இருக்கேன்."

"நீங்க அமுக்குதீங்க. பலகையத் தட்டுத மாதிரித் தட்டுதீங்க."

அவன் சொன்னபடி லேசாக வைத்தேன். வைத்தேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அளவுக்கு வழவழப்பாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பிடிமானமே இல்லாத பொருள். மாற்றிக்கொடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வேறொன்று கொடுத்தான். எட்டு நாளுக்குள் மாற்றித் தரலாம் என்று ரசீதின் பின்பக்கம் போட்டிருந்தது. நான் பின்பக்கத்தையும் வாசிக்கிறவன் என்பது அவனுக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது கூலக்கடைத் தெருவில் ஒரு பெண்பிள்ளை கூப்பிட்டு, "ஒங்க செருப்பு அங்க கெடக்கு" என்றது. வலது கால் செருப்பு இருபது அடிக்குப் பின்னால் கிடந்தது. புதுச் செருப்பு, வார் சரியில்லை. இந்தக் காலத்தில் எதை வாங்கினாலும் இப்படித்தான்.

ஜூன் 15, சனி

மாற்றி வாங்கியதும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் ஒரு வசதி. சார்ஜர் வயரின் நடுவில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டி வருகிறது. மேசைக்கு அடியில் அது கிடக்கிற இடம் வலது காலை வைக்கத் தோதாக இருக்கிறது. கால் வழுக்காமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டுச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டேன். கடைக்குள் செருப்புப் போடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. சாமான் விற்கிற இடம், சாமி படம் இருக்கிற இடம். சிமென்ட் தரை சாரலில் சில்லென்று இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஒரு கூத்து. போன வாரம் பத்து மைக்காத் தகடு கேட்டு ஆர்டர் போட்டேன். நூற்றுப்பத்து வந்து இறங்கியிருக்கிறது. எல்லாம் பாக்குக் கலர்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "நூத்திப்பத்துன்னுதான் சார் பதிவாயிருக்கு" என்றது அந்தப் பெண். ஒன்றாம் சாவியை ஒரு தரம்தான் அமுக்கினேன் என்று சத்தியம் செய்வேன். இந்தச் சாவிகள் தாளைப்போல இருக்கின்றன. கீழே போனதா மேலே வந்ததா என்று விரலுக்குச் சேதியே வருவதில்லை. பழைய கம்ப்யூட்டரில் டொக்கென்று சத்தம் கேட்கும். பேனாவும் அப்படித்தான் ஆகிவிட்டது, இரண்டு தரம் கையைவிட்டு நழுவியது. எல்லாமே மட்டச் சரக்கு.

திரும்ப எடுக்க மாட்டார்களாம். நான் உட்கார்ந்து அழுகிறவன் இல்லை. ஒரு தகட்டைக் கடை வாசலில் நிறுத்தி, "இந்த வருஷத்து நிறம்" என்று எழுதிவைத்தேன். சாயங்காலத்துக்குள் பதினாலு போய்விட்டது.

ஜூன் 19, புதன்

உலகம்மாள் காலையில் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். எனக்கு நேரமாகிறது என்று நானேதான் கேட்டேன்.

"ஒரு வாரமா தெனமும் நேரமாகுதே" என்றாள்.

கட்டிக்கொண்டவள் முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தால் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பாள்.

ஜூன் 22, சனி

லேப்டாப்பைக் காணவில்லை.

மதியம் இரண்டு மணிவரை மேசையில் இருந்தது. நான்கு மணிக்கு இல்லை. கடையில் வந்துபோனவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவர் முகத்தையும் மனதில் நிறுத்திப் பார்த்துவிட்டேன். கொத்தனார் ஒருவர் மேல் சந்தேகம் வந்தது, அவர் எதுவும் வாங்காமல் போனார். லோடுமேன்கள் இரண்டு பேரையும் கேட்டேன். அவர்கள் முகம் சுண்டிப்போயிற்று. கேட்டிருக்க வேண்டாம். மெல்லிசுப் பொருளை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்த முடியாது. பலகையைத் திருட நாலு பேர் வேண்டும். இதை ஒருவன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விடலாம்.

ஜூன் 23, ஞாயிறு

கிடைத்துவிட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று மாசானம் ஆசாரி வந்திருந்தார். இலஞ்சியில் ஒரு டீச்சரம்மா வீடு கட்டுகிறார், அலமாரிக்கு நிறம் பார்க்க வேண்டும், கேட்டலாக் கொடுங்கள் என்றார். வீட்டுக்காரர் பார்த்து முடித்து நாலைந்து நாளில் கேட்டலாக் திரும்பி வரும், அதுதான் வழக்கம். அட்டையைப் பார்க்காமல் மேசையில் கைவிட்டு ஆறு கேட்டலாக் எடுத்துச் சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். இன்று காலை போன் வந்தது.

"அண்ணாச்சி, ஒங்க கேட்டலாக்குல ஒண்ணு கரண்டு கேக்குதே."

"என்ன வே சொல்லுதீரு?"

"டீச்சரம்மா ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்தாக. ஆறாவதத் தொறந்தா லைட்டு எரியுது. இந்தச் சாம்பக் கலரு நல்லாருக்கு, இதையே அலமாரிக்குப் போட்ருங்கங்காக. ஒரு தகடு அம்பத்தஞ்சாயிரம்னு சொல்லவா?"

நானும் சிரித்தேன். மாசானம் இருபத்தைந்து வருஷமாக என்னிடம் சரக்கெடுக்கிறவர், கேலி பேச உரிமை உண்டு. ஆனால் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அவர் சிரிக்கவில்லை.

"கேட்டலாக் ரெண்டு கிலோ இருக்கும். அட்டை சொரசொரன்னு இருக்கும். இது தகரம். கையில எடுத்த ஒடனே தெரிஞ்சிருக்கணுமே அண்ணாச்சி."

"கவனிக்கல."

"நீங்களா கவனிக்காதவுக?"

நான் டீ சொல்லிவிட்டேன். லோடுமேன்களை நாளை காலை கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

லோடுமேன்களிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருவன் தலையாட்டினான். இன்னொருவன் பலகை அடுக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

ஜூன் 27, வியாழன்

இது விளையாட்டில்லை.

டீச்சரம்மா வீட்டுக்கு ஒரு எம்எம் கன மைக்கா பன்னிரண்டு தகடு அனுப்பினேன். அதில் ஐந்து தகடு பாயின்ட் எட்டு எம்எம்தான் என்கிறார் மாசானம். ஒட்டி முடித்த பிறகுதான் இரண்டு கதவு சேருகிற இடத்தில் ஏற்ற இறக்கம் தெரிந்ததாம். முகப்பில் ஆறு கதவைப் பிரிக்க வேண்டும்.

நான் நம்பவில்லை. ஒன்றுக்கும் பாயின்ட் எட்டுக்கும் மயிரிழை வித்தியாசம்தான், மற்றக் கடைக்காரர்கள் ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள். சாரல் காலத்தில் ஸ்டிக்கர் உதிர்ந்து போகும். நான் ஸ்டிக்கரைப் பார்க்கவே மாட்டேன். தகட்டின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினால் எனக்குத் தெரியும். சைக்கிளில் துண்டுப் பலகை விற்ற காலத்திலிருந்து இந்த விரல்தான் எனக்குப் படிப்பு. இதற்காகவே மதுரையிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் வந்து, கண்ணைக் கட்டிவிட்டு, இருபது தகடு கொடுத்துப் பார்த்திருக்கிறார். இருபதும் சரி.

கம்பெனிதான் கலந்து அனுப்பியிருக்க வேண்டும் என்றேன்.

மாசானம் எழுந்து, பையிலிருந்து இரண்டு துண்டு எடுத்து முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து நீட்டினார். "எது பாயின்ட் எட்டு, சொல்லுங்க."

இடது கையில் இருப்பது என்றேன்.

மறுபடி நீட்டினார். வலது என்றேன். மறுபடி.

மூன்று தரத்தில் எத்தனை சரி என்று அவர் சொல்லவில்லை. துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "டாக்டர் யாரையாச்சும் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

இரண்டும் ஒரே கனத் துண்டாக இருந்திருக்கலாம். ஆனால் மாசானம் அப்படிச் செய்கிறவர் இல்லை. அப்படியானால் என்ன? லேப்டாப் திரை தானாக அணைந்துவிட்டது.

ஆறு கதவுக்கும் மைக்காவும் கூலியும் என் பொறுப்பு என்று டீச்சரம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

குடோனில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பத்துத் தகடு எடுத்து நானே சோதித்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிச் சொல்லிவிட்டுப் பிறகு ஸ்டிக்கரைப் பார்த்தேன். நான்கு சரி. கண்ணை மூடிக்கொண்டு சும்மா சொல்கிறவனுக்கே ஐந்து வரும்.

குளிர் காரணமாக இருக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்த்தேன். ஐந்து.

ஜூலை 1, திங்கள்

காலையில் குளித்துவிட்டு ஈரக் காலோடு கூடத்தைக் கடந்து பூஜை அறைக்குப் போனேன். உலகம்மாள் பின்னாலேயே வந்து, "நில்லுங்க. அப்படியே நில்லுங்க" என்றாள்.

வெள்ளை டைல்ஸில் என் காலடி வரிசையாகத் தெரிந்தது. இடது கால் தண்ணீர். வலது கால் சிவப்பு.

நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் முன்பக்கம் ரூபாய் நாணயத்தை விடப் பெரிதாக ஒரு கொப்புளம் உடைந்து தோல் தொங்கியதாம். நான் பார்க்க முடியாது, குனிந்தால் வயிறு தட்டுகிறது. கைக்கண்ணாடி கொண்டுவந்து பிடித்தாள். பார்த்தேன். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி இருந்தது.

"இது எத்தன நாளா இருக்கு?"

"தெரியாது."

"வலிக்கலையா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"இல்ல உலகு."

ஆணி ஏதாவது குத்தியிருக்கும் என்றேன். அவள் காலில் துணியைச் சுற்றிவிட்டு என்னோடு கடைக்கு வந்தாள். ஆணியைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்து சாக்கை எடுத்தாள். அடியில் அந்தக் கறுப்புக் கட்டி, ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்தது. தொட்டவள் கையை உதறினாள். "என்ன இது, இஸ்திரிப்பெட்டி கணக்கா கொதிக்குது. இதுமேலயா கால வச்சிருந்தீங்க?"

"பதினஞ்சு நாளா வச்சிருக்கேன். சூடெல்லாம் இல்லையே."

என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். ஏதோ ஒரு கதகதப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துதான் அது சுடுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் டாக்டரிடம் போகிறோம். அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

டாக்டரிடம் போய்வந்ததை நேற்று எழுதவில்லை. இன்றும் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

டாக்டரம்மா வயதில் சின்னவர். சர்க்கரை எத்தனை வருஷமாக என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். மாத்திரை என்றார். ஞாபகம் இருக்கிற அன்றைக்கு என்றேன். உலகம்மாள் சுவரைப் பார்த்தாள்.

கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நரம்பு ஒன்றைக் காட்டி, "இத ஒங்க பாதத்துல வைப்பேன். தொட்டது தெரிஞ்சா ஆமாம்னு சொல்லுங்க" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே சாரல் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு நர்ஸ் யாரையோ டோக்கன் கேட்டது. ரொம்ப நேரம் ஆனது. வேறு நோயாளி யாரும் வந்துவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டு, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"முடிச்சுட்டேன் ஐயா" என்றார்.

கண்ணைத் திறந்தேன். உலகம்மாள் அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையையும் சோதித்தார். சுண்டுவிரல்கள் பரவாயில்லை. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மோசம். போனது திரும்பி வருமா என்று கேட்டேன். வியாபாரி கேட்கிற மாதிரித்தான் கேட்டேன், எத்தனை சதவீதம் என்று. அவர் சதவீதம் சொல்லவில்லை. இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனதைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார். கால் புண் மூன்று வாரம் தரையில் ஊன்றாமல் இருந்தால் ஆறும், ஊன்றினால் விரலையோ பாதத்தையோ எடுக்கவேண்டி வரலாம் என்றார். லேப்டாப்பைப் பற்றியும் சொன்னேன், தகடு வேலை செய்யவில்லை, சாவி அமுங்கவில்லை என்று. அவர் மருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்குக் குழப்பமாக இருப்பது ஒன்றுதான். குடோனில் ஒரு துண்டு ரீப்பர் கட்டை குறைந்தால் அன்றைக்கே கண்டுபிடிக்கிறவன் நான். என் விரல் என்றைக்குப் போனது?

நைனாவைக் கூப்பிட்டு, அவன் கொடுத்த முதல் லேப்டாப்பிலும் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். "பரவால்ல அண்ணாச்சி, கால் எப்படி இருக்கு?" என்றான். தென்காசியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஜூலை 3, புதன்

வீட்டில் கட்டிலில் இருக்கிறேன். லேப்டாப் வயிற்றின் மேல். இந்த ஒரு விஷயத்தில் மெல்லிசாக இருப்பது நல்லதுதான், பாரம் தெரியவில்லை. தெரிகிற அளவுக்கு எனக்குத் தெரியுமா என்பது வேறு. உலகம்மாள் ஒவ்வொரு மணிக்கும் அடியில் கைவிட்டுச் சூடு பார்க்கிறாள்.

கடையைப் பூட்டிப் போடலாமா, கடையை விலைக்குக் கேட்டிருந்த ராஜபாளையத்துக்காரருக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். சரக்கை விரலால் தடவிப் பார்க்கிறவன் இல்லாத கடையில் கம்பெனிக்காரன் அனுப்பியதுதான் சரக்கு. அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை. அவளிடம் சொன்னேன்.

"விரல்தான வேணும்?" என்றாள்.

"ஆமா."

"மாசானம் அண்ணன அந்தத் துண்டுகளக் கொண்டுவரச் சொல்லுங்க."

ஜூலை 4, வியாழன்

மாசானம் பத்துத் துண்டுகளோடு வந்தார். உலகம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

முதலில் ஒரு ஜோடியைக் கொடுத்து எது எது என்று சொல்லித்தந்தார். இரண்டு தரம் தடவிப் பார்த்தாள். "சரி, இப்பக் குடுங்க" என்றாள்.

பத்தில் ஒன்பது.

நான் நம்பாமல் மறுபடி கொடுக்கச் சொன்னேன். பத்தில் பத்து. மாசானம் என்னைப் பார்த்தார்.

"எப்படித் தாயி?"

"கல்யாணத்துக்கு முன்ன ஏழு வருஷம், பின்ன ஒம்பது வருஷம் பீடி சுத்தினவ அண்ணாச்சி நான். எலை தடிச்சா பீடி அணையும், மெலிஞ்சா கிழியும். அதக் கண்ணால பாத்துட்டு இருந்தா நாளைக்கு ஆயிரம் சுத்த முடியுமா? இவுக சைக்கிள் வாங்குனதே அந்தக் கூலியிலதான்."

மாசானத்துக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் விரலைப் பற்றி ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. என் விரல்தான் விரல் என்று இருந்துவிட்டேன்.

மாசானம் போன பிறகு, "நாளைல இருந்து கடைக்கு வா" என்றேன்.

"சம்பளம் என்ன?" என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நம் கடைக்கு நீ வருவதற்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டேன். "பீடிக் கூலிய நம்ம கடைக்குன்னுதான் குடுத்தேன். கடை ஒங்க பேர்ல இருக்கு" என்றாள். பத்தாயிரம் என்றேன். இருபத்தைந்து என்றாள். எங்கே கற்றாள் இதை. பதினைந்து என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. வாங்குகிறவன் எழுந்து போனால் கூப்பிடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான், ஆனால் என்னால் எழுந்து போக முடியாது, காலை ஊன்றக் கூடாது. அரை மணி கழித்துக் காபியோடு வந்தாள். பேசி முடித்தோம்.

மாதம் இருபதாயிரம், ஐந்தாம் தேதிக்குள். காலை பத்து முதல் மாலை ஆறு வரை, வெள்ளிக்கிழமை விடுமுறை. சரக்கு இறங்கும்போது அவள் வேண்டாம் என்று தள்ளிய தகட்டை நான் போனில்கூட ஏற்கக் கூடாது. ஆர்டர் பதிகிறதும் அவளே, நான் எண்ணிக்கையைச் சொன்னால் போதும். கால் ஆறும்வரை நான் கடைக்கு வரக் கூடாது, ஆறிய பிறகும் கடைக்குள் செருப்போடுதான் நிற்க வேண்டும், சாமி ஒன்றும் சொல்லாது. காலையில் பல் தேய்த்ததும் இரண்டு உள்ளங்காலையும் அவளுக்குக் காட்ட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையை மட்டும் குறைக்கப் பார்த்தேன். வாரம் மூன்று நாள் என்றேன். தினமும் என்றாள். ஞாயிறு நீங்கலாக என்றேன்.

தினமும்.